மணி அடித்தால் காதில் விழ வேண்டும்

சைக்கிள் மணியைப் பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

*கே.ஆர்.பி. அணைக் கால்வாய்க் கரைமேல் காலையில் சைக்கிள் ஓட்டுகிறேன். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நான் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும்வரை திரும்புவதே இல்லை. இப்போது இருக்கும் குட்டி மணி யாருக்கும் கேட்பதில்லை. 200 ரூபாய்க்குள் சத்தமான மணி எது?*
— காவேரிப்பட்டணம் வாசகர்

அந்தக் காலத்து 'ட்ரிங் ட்ரிங்' மணியை வாங்குங்கள். இரும்புத் தகட்டு மூடி, கட்டைவிரலால் தள்ளும் லீவர், உள்ளே பல்சக்கரம். மூடி 55 முதல் 60 மி.மீ. அகலம் இருக்கட்டும். சைக்கிள் சாமான் கடைகளில் பெரும்பாலும் 100 ரூபாயை ஒட்டியே கிடைக்கும். இன்னும் விலை கூடிய மணிகள் அழகாக இருக்கலாம். ஆனால் விலைக்கும் சத்தத்துக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் கிடையாது.

உங்களிடம் இருப்பது சுண்டினால் 'டிங்' என்று ஒருமுறை மட்டும் ஒலிக்கும் சுத்தியல் மணி என்று நினைக்கிறோம். மூடி 30, 35 மி.மீ. இருக்கும். மூடி சிறுத்தால் சுருதி ஏறும். வயது கூடக் கூடக் காதில் முதலில் குறைவது இந்த உச்ச சுருதிதான். காலை நடைக்கு வருகிறவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். மணி அடிப்பது உங்களுக்குக் கணீரென்று கேட்கும், அவர்களுக்குக் கேட்காது. மூடி பெரிதானால் சுருதி இறங்கும், அவர்கள் காதுக்கும் எட்டும். இன்னொன்று, 'ட்ரிங்' மணியில் லீவரை ஒருமுறை தள்ளினால் பல அடிகள் சரமாக விழும். ஒற்றை 'டிங்' பேச்சுச் சத்தத்தில் கரைந்துவிடும், சரமாக விழுவது கரையாது.

இன்னும் கொஞ்சம் செலவு செய்யத் தயார் என்றால் 80 மி.மீ. மூடி போட்ட 'டிங் டாங்' மணி இருக்கிறது. சத்தம் ஆழமாக இருக்கும். ஆனால் ஹேண்டில்பாரில் பெரிய இடம் பிடிக்கும், 200-க்குள் கிடைப்பதும் சந்தேகம்.

கடையில் சோதிக்கும் முறை: மூடியைத் தொடாமல், ஹேண்டில்பாரில் மாட்டும் கிளாம்ப்பை மட்டும் பிடித்து அடியுங்கள். மூடியில் விரல் பட்டால் எந்த மணியும் 'டக்' என்றுதான் சொல்லும். அடித்து முடித்தபின் ரீங்காரம் ஓரிரு நொடியாவது நிற்க வேண்டும். உடனே செத்துவிட்டால் மூடியின் விளிம்பு அடித்தட்டில் உரசுகிறது, அல்லது தகடு மெல்லியது. பிறகு கூட வந்தவரை எதிர்ப் பக்கக் கடை வாசலில் முதுகு காட்டி நிற்கச் சொல்லி அடித்துப் பாருங்கள். பஜார் இரைச்சலில் அவர் திரும்பினால் கால்வாய்க் கரையில் எல்லோரும் திரும்புவார்கள். லீவரின் பல் பிளாஸ்டிக்கா உலோகமா என்றும் பார்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் பல் வெயிலில் நின்று வலுவிழந்து, சீக்கிரமே தேய்ந்து வழுக்க ஆரம்பித்துவிடும்.

*பித்தளை மணி என்று சொல்லி விலை கூடுதலாகக் கேட்கிறார்கள். வாங்கலாமா?*
— அரூர் வாசகர்

நிஜப் பித்தளை என்றால் ரீங்காரம் நீண்டு நிற்கும், துரு பிடிக்காது. சத்தம் இரும்பைவிட இரண்டு மடங்கு என்றெல்லாம் இல்லை. சிறிய காந்தம் ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோங்கள். மூடியில் ஒட்டினால் அது பித்தளை நிறம் பூசிய இரும்பு, இரும்பு விலைதான் கொடுக்க வேண்டும். ஒட்டாமல், கையில் இலேசாகவும் இருந்தால் அலுமினியம்; அதைத் தவிர்த்துவிடுங்கள்.

*பேட்டரி ஹார்ன் பெட்டியில் '100 டெசிபெல்' என்று போட்டிருக்கிறது. மணியைவிட அதுதானே மேல்?*
— ஓசூர் வாசகர்

எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்த 100 என்று பெட்டியில் போட்டிருக்கிறதா, பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபெல் குறையும், பத்து மடங்கானால் 20 குறையும். 10 செ.மீ. தள்ளி வைத்து அளந்த 100 டெசிபெல், 1 மீட்டரில் 80, 10 மீட்டரில் 60. அறுபது என்பது இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அளவு. ஒரு மீட்டரில் அளந்தது என்றால் கதை வேறு, 10 மீட்டரில் 80 இருக்கும், அது நல்ல சத்தம்தான்.

ஆனாலும் நடைபாதைக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டோம். ராமநாயக்கன் ஏரிக்கரை மாதிரி இடத்தில் முதுகுக்குப் பின்னால் 'பீய்ய்' என்று அலறினால் நடப்பவர் ஒதுங்க மாட்டார், துள்ளுவார். எந்தப் பக்கம் துள்ளுவார் என்று யாருக்கும் தெரியாது. மணிச் சத்தம் கேட்டால் சைக்கிள் வருகிறது என்பது பார்க்காமலே புரிந்துவிடும். பேட்டரி ஹார்னுக்கு இன்னொரு தொல்லை ரப்பர் பொத்தான். அதன் ஓரம் பிளந்து மழைத் தண்ணீர் இறங்கினால் பேட்டரி முனைகளில் பச்சை பூத்து, வேண்டிய நேரத்தில் ஊமையாகிவிடும்.

சிப்காட்டுக்கு நெடுஞ்சாலை ஓரமாகப் போகிறீர்கள் என்றால் அங்கே மணியும் உதவாது, இந்த ஹார்னும் உதவாது. கண்ணாடி ஏற்றிய லாரி கேபினுக்குள் எதுவும் நுழையாது. அந்தக் காசைப் பின்விளக்குக்கும் ஒளி திருப்பும் பட்டைக்கும் போடுங்கள்.

*மகளுக்கு ப்ளஸ் ஒன்னில் கொடுத்த இலவச சைக்கிள். மழையில் நின்றதிலிருந்து மணி 'கர்ர்' என்று சுற்றுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டேன், மோசமாகிவிட்டது. புதிது வாங்குவதா?*
— பாலக்கோடு வாசகி

வேண்டாம் அம்மா, அரைமணி நேர வேலைதான். லீவர் சுற்றுகிறது என்றால் பல்சக்கரம் நன்றாகவே இருக்கிறது. சத்தம் போடுவது வேறு ஆள்.

மூடியைத் துணியால் பிடித்து இடப்பக்கமாகத் திருகுங்கள், கழன்று வரும். உச்சியில் நட்டு இருந்தால் முதலில் ஸ்பேனரால் அதை எடுக்க வேண்டும். வராவிட்டால் நடுவில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். குறடால் விளிம்பைப் பிடித்துத் திருகினால் மூடி நெளியும், நெளிந்த மூடி பிறகு பாடாது. உள்ளே நடுவில் ஒரு சின்னப் பட்டை, அதன் இரு முனையிலும் ஊசியில் கோத்த தளர்வான வாஷர்கள் தெரியும். லீவரைத் தள்ளும்போது பட்டை வேகமாகச் சுழல, வாஷர்கள் வெளியே வீசப்பட்டு மூடியின் உட்புறத்தில் இருக்கும் புடைப்புகளில் மோதுகின்றன. சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. வாஷர் துருவிலோ பிசுக்கிலோ ஒட்டிக்கொண்டால் பட்டை வெறுமனே சுழலும். உங்களுக்கு நடந்திருப்பது இதுதான். தேங்காய் எண்ணெய் செம்மண் புழுதியோடு சேர்ந்து வாஷரை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது. 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையவும் செய்யும். மார்கழிக் காலையில் உங்கள் பக்கம் என்ன குளிர் என்று சொல்லவேண்டியதில்லை.

பழைய பல் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து வாஷர், ஊசி, புடைப்பு மூன்றையும் தேயுங்கள். மூடியின் உள் துருவை மெல்லிய உப்புத்தாளால் எடுங்கள். துணியால் துடைத்து வெயிலில் காயவிடுங்கள். பிறகு மணியைக் கையில் எடுத்துக் குலுக்கினால் வாஷர்கள் 'கிலுகிலு'வென்று ஆட வேண்டும். ஆடாவிட்டால் மறுபடி ஒரு தடவை. கடைசியில் பல்சக்கரத்தின் அச்சில் மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. வாஷரிலும் மூடிக்குள்ளும் எண்ணெய் படவே கூடாது.

மூடியைத் திரும்பப் போட்டதும் விளிம்புக்கும் அடித்தட்டுக்கும் நடுவே சுற்றிலும் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். ஒரு தாள் தடையில்லாமல் போய்வந்தால் போதும். எங்காவது பிடித்தால் மூடிக்குக் கீழே நடு அச்சில் மெல்லிய வாஷர் ஒன்றைச் சேர்த்து உயர்த்துங்கள். மூடி நடுவில் இறுக்கமாகவும் விளிம்பில் சுதந்திரமாகவும் இருந்தால்தான் முழுச் சத்தம்.

லீவர் தள்ளியபின் திரும்பி வராவிட்டால் உள்ளே ஸ்பிரிங் கொக்கியிலிருந்து நழுவியிருக்கும், மூக்குக் குறடால் மாட்டிவிடலாம். ஸ்பிரிங் ஒடிந்திருந்தாலோ பல் மொட்டையாகியிருந்தாலோ சரிசெய்து பயனில்லை, அப்போது புதிது வாங்குங்கள்.

*கியர் சைக்கிளில் மணி மாட்ட இடமே இல்லை. கைப்பிடி ரப்பர், பிரேக், கியர் என்று நிரம்பிவிட்டது. நடுவில் மாட்டினால் கிளாம்ப் போதவில்லை.*
— கிருஷ்ணகிரி வாசகர்

ஹேண்டில்பார் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் இல்லை. கைப்பிடிப் பக்கம் 22.2 மி.மீ., நடுவில் ஸ்டெம் (ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் துண்டு) பிடிக்கும் இடத்தில் 25.4 அல்லது 31.8. சாதாரண மணியின் கிளாம்ப் 22-க்கு வெட்டியது. அதைப் பலவந்தமாக விரித்து நடுவில் மாட்டினால் தகடு ஒடியும். பிரேக் லீவர், கியர் இரண்டின் ஸ்குரூவையும் இளக்கி உள்பக்கமாக ஒரு விரற்கடை தள்ளுங்கள். பெரும்பாலும் இடம் வந்துவிடும். தள்ளியபின் இரண்டு கையாலும் பிரேக் பிடித்துப் பார்த்து, ஸ்குரூவை மறக்காமல் இறுக்குங்கள்.

கைப்பிடியை விடாமல் கட்டைவிரல் லீவருக்கு எட்ட வேண்டும். எட்டாத மணி எவ்வளவு சத்தமாக இருந்தாலும் அவசரத்துக்கு உதவாது. பிரேக் கேபிளோ கியர் கேபிளோ மூடியில் சாய்ந்திருக்கக் கூடாது. ஹேண்டிலை முழுக்க இரு பக்கமும் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். மணி வழுக்கிச் சுற்றினால் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டிக் கிளாம்ப்புக்கு அடியில் சுற்றி இறுக்குங்கள். ரப்பர் வைத்தால் சத்தம் குறையுமோ என்று பயம் வேண்டாம். ஒலிப்பது மூடி, கிளாம்ப் அல்ல. மூடியின் வாய் கீழே பார்க்கட்டும், மழைத் தண்ணீர் தேங்காது.

*மணி அடித்தால் சிலர் நேராக என் வழியிலேயே வந்து நிற்கிறார்கள். ஏன்?*
— தருமபுரி வாசகி

மிக அருகில் வந்து அடிக்கிறீர்கள். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் சைக்கிள் நொடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் போகும். 6 மீட்டரில் அடித்தால் அவருக்குக் கிடைப்பது ஒன்றரை நொடி. கேட்டு, திரும்பி, எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய அது போதாது. உடம்பு தானாக ஏதோ ஒரு பக்கம் நகரும். 20 மீட்டரில், அதாவது ஒரு மின்கம்பத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்கும்போதே ஒருதரம் அடியுங்கள். அவர் தலையைத் திருப்பினால் பெடல் போடுவதை நிறுத்தி, வலப்பக்கமாகக் கடந்துபோங்கள். தலை திரும்பாவிட்டால் இன்னொருதரம். அதற்கும் திரும்பாவிட்டால் காதில் பாட்டு ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, ஒரு மீட்டராவது தள்ளிப் போங்கள். திரும்பத் திரும்ப அடிப்பது சண்டையில்தான் முடியும்.

*ஆட்டு மந்தைக்கு மணி உதவுமா? ரப்பர் உருண்டை ஹார்ன் மேலா?*
— பென்னாகரம் வாசகர்

மந்தையில் நாலு ஆட்டின் கழுத்தில் ஏற்கெனவே மணி ஆடுகிறது, உங்கள் மணியை அவை பொருட்படுத்தாது. 'பாம் பாம்' ஹார்ன் தாழ்ந்த குரல், தூரம் போகும், ஆடு கொஞ்சம் ஒதுங்கும். ஆனால் ரப்பர் வெயிலில் வெடிக்கும், உள்ளே இருக்கும் பித்தளை நாக்கில் புழுதி அடைந்தால் குரல் கம்மும். ஊருக்குள் அடித்தால் ஐஸ் வண்டி வந்துவிட்டது என்று பிள்ளைகள் ஓடிவருவதும் உண்டு. மந்தைக்கு இறங்கி, மேய்ப்பவரைக் கூப்பிடுவதே சுலபம்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் யானைக்கு மணி அடிக்கலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. தூரத்தில் பார்த்ததும் சத்தமில்லாமல் நின்று, வந்த வழியே திரும்புங்கள். அந்தச் சாலையில் விடியுமுன்னும் இருட்டிய பின்னும் சைக்கிளில் போகவே வேண்டாம்.

*பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினால் மணி மூடியை மட்டும் திருகிக்கொண்டு போய்விடுகிறார்கள்.*
— காரிமங்கலம் வாசகர்

நடு அச்சின் மரையில் ஒரு சொட்டு நகப்பூச்சு விட்டு, ஈரமாக இருக்கும்போதே மூடியைத் திருகுங்கள். காய்ந்ததும் வெறும் கையால் கழற்ற முடியாது. நீங்கள் கழற்ற வேண்டியிருந்தால் துணி சுற்றி அழுத்தித் திருகினால் விட்டுக்கொடுக்கும். ஏற்கெனவே மூடி போயிருந்தால் முழு மணி வாங்காதீர்கள், பழைய சைக்கிள் கடைகளில் மூடி மட்டும் கேட்டுப் பாருங்கள். உங்கள் மணியின் அடிப்பகுதியைக் கையோடு கொண்டுபோங்கள். மரை ஒத்துவருகிறதா, விளிம்பு உரசாமல் சுற்றுகிறதா என்று அங்கேயே மாட்டிப் பார்த்து வாங்கலாம்.