அப்பாவின் ஓய்வுப் பணத்தில் மகனுக்கு வீடா?

கேள்வி: எனக்கு வயது 31. சென்னையில் ஐடி வேலை. கைக்கு வருவது மாதம் 85,000 ரூபாய், வீட்டு வாடகை 16,000. அப்பா, அம்மா கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தாத்தா கட்டிய வீட்டில் இருக்கிறார்கள். பத்திரம் இன்னும் தாத்தா பேரில்தான் இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு தங்கை உண்டு. சிப்காட் தொழிற்பேட்டையில் தனியார் ஆலையில் வேலை பார்க்கும் அப்பா, 58 முடிந்து இந்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். "15 லட்சம் தருகிறேன், இங்கே கடலூர் மஞ்சக்குப்பத்தில் 50 லட்சத்துக்கு ஒரு வீடு வருகிறது, உன் பேரில் வாங்கு" என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம் தம்பி.

அப்பா பேச்சில் அவர் தலைமுறையின் நியாயம் இருக்கிறது. 1990-களில் வீட்டுக் கடன் வட்டி 15 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அதனால் முதலில் மனையை வாங்கிப் போட்டு, பி.எஃப்., நகை, சீட்டுப் பணம் எல்லாம் திரட்டி, ஐம்பதை நெருங்கும்போது வீடு கட்டினார்கள். வேலையும் அதே ஊரில்தான். உங்கள் வயதுக்காரர்கள் முப்பதிலேயே கடனில் வாங்குகிறார்கள். ஆனால் ஐந்து வருடம் கழித்து எந்த ஊரில் வேலை என்று தெரியாது. கடலூரில் வாங்கினால் தவணையும் கட்ட வேண்டும், சென்னை வாடகையும் கட்ட வேண்டும்.

50 லட்சம் ரூபாய் வீட்டுக்கு வங்கி 80 சதவீதம், அதாவது 40 லட்சத்துக்கு மேல் தராது. மீதி 10 லட்சம், பத்திரப்பதிவுக்கு 9 சதவீதமாக 4.5 லட்சம். அப்பாவின் பணம் இதிலேயே தீர்ந்துவிடும். 8.5 சதவீத வட்டியில் 20 வருடக் கடனுக்குத் தவணை சுமார் 34,700. வாடகையோடு சேர்த்தால் சம்பளத்தில் 60 சதவீதம். 30 வருடமாக நீட்டினால் தவணை நாலாயிரம்தான் குறையும், மொத்த வட்டி 43 லட்சத்திலிருந்து 70 லட்சத்தைத் தாண்டும். கடன் முடியும்போது உங்களுக்கு 61 வயது.

என் பெரிய கவலை அப்பாவைப் பற்றித்தான். தனியார் ஆலையில் இருந்தவருக்கு பி.எஃப். கணக்கோடு சேர்ந்து வரும் இ.பி.எஸ். பென்ஷன் சில ஆயிரம்தான் வரும். அந்த 15 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் கிடைக்கும். 60 வயது ஆகாவிட்டாலும், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேர்ந்துவிடலாம். மருந்துச் செலவுக்கு அவர் உங்கள் கையை எதிர்பார்த்து நிற்கும் நிலை வரக்கூடாது.

வேலை ஓர் ஊரில் நிலைத்தபின் அங்கே வாங்குங்கள். அதுவரை முன்பணத்தை உங்கள் சம்பளத்திலேயே சேருங்கள். ஊரில் நமக்கென்று ஓர் இடம் வேண்டும் என்ற அப்பாவின் ஆசைக்கு, பழைய வீட்டின் மேல் ஒரு மாடி போதும். ஆனால் தாத்தா உயில் எழுதாமல் இறந்திருந்தால் அத்தைக்கும் அதில் சம பங்கு உண்டு. அவரோடு உட்கார்ந்து பேசி, அவருக்கு உரியதைக் கொடுத்து, அவர் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் பதிவு செய்து, பட்டாவையும் மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கொத்தனாரைக் கூப்பிடலாம்.