ஸ்காட்லாந்து அரசி மேரி: மதத்துக்காகவா, அரியணைக்காகவா?

கேள்வி: முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில் ஸ்காட்லாந்து அரசி மேரி கொல்லப்பட்டது மதத்துக்காகவா, அரியணைக்காகவா? ஒரு நூலில் ஆண்டு 1586 என்றும் மற்றொன்றில் 1587 என்றும் உள்ளது. முதுகலை வரலாறு படிக்கும் நான் தேர்வில் எதை எழுதுவது?

பதில்: 1587 என்றே எழுதுங்கள். அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஆகவே ஃபாதரிங்கே கோட்டையில் மேரியின் தலை வெட்டப்பட்ட பிப்ரவரி 8, அக்கால ஆங்கிலக் கணக்கில் 1586இலேயே அடங்கியது. கிரிகோரியன் நாட்காட்டிக்கு ஏற்கெனவே மாறிவிட்ட ஸ்பெயினில் அதே நாள் பிப்ரவரி 18.

உறவிலும் கவனம் தேவை. எலிசபெத்தின் மாற்றாந்தாய்ச் சகோதரியாக 1553 முதல் 1558 வரை இங்கிலாந்தை ஆண்டவர் வேறொரு மேரி. இந்த மேரியோ எலிசபெத்தின் அத்தை மார்கரெட்டின் பேத்தி. நம் உறவுமுறையில் சொன்னால் அத்தை மகனின் மகள்.

மதமும் அரியணையும் பின்னிப் பிணைந்தவை என்று மட்டும் எழுதினால் அது மழுப்பலாகிவிடும். எந்த இடத்தில் பிணைந்தன என்று காட்ட வேண்டும். அந்த முடிச்சு 1533இல் விழுந்தது. முதல் மனைவி கேதரினுடனான மணத்தை ரத்துசெய்யப் போப்பாண்டவர் இசையாத நிலையில் எட்டாம் ஹென்றி ஆன் பொலினை மணந்தார். எலிசபெத் அந்த மணத்தில் பிறந்தவர். போப்பாண்டவரின் அதிகாரத்தை முழுமையாக ஏற்றவர்களுக்கு அந்தத் திருமணமே செல்லாது என்பதால் எலிசபெத்தும் முறையான வாரிசு ஆகமாட்டார், மார்கரெட்டின் வழிவந்த மேரிக்கே உரிமை. ஆயினும் இங்கிலாந்தின் கத்தோலிக்கருள் பலர் எலிசபெத்துக்கு விசுவாசமாகவே இருந்தனர். 1570இல் போப்பாண்டவர் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கி, குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று அறிவித்ததுதான் அவர்களைத் தர்மசங்கடத்தில் தள்ளியது.

மேரியைக் கத்தோலிக்க மதத்தின் போராளியாக மட்டும் சித்திரிப்பதை நான் ஏற்பதில்லை. 1561இல் ஸ்காட்லாந்துக்குத் திரும்பிய அவர் அங்கு நிலைபெற்றிருந்த புராட்டஸ்டண்ட் ஏற்பாட்டைக் கலைக்கவில்லை. 1567இல் பாத்வெல் பிரபுவை மணந்ததும் புராட்டஸ்டண்ட் சடங்கின்படியே. இரண்டாம் கணவர் டார்ன்லியின் கொலையும் அவசரமான அந்த மறுமணமுமே அவரது முடியைப் பறித்தன. 1568இல் இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தவர் ஏறத்தாழ 19 ஆண்டுகள் காவலில் கழித்தார்.

வழக்கின் சட்ட அடிப்படையும் மதமன்று. அரசியின் உயிருக்கு எதிரான சதியைத் தண்டிக்க 1585இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், எலிசபெத்தைக் கொன்று மேரியை அரியணையில் அமர்த்தத் திட்டமிட்ட பாபிங்டன் சதிக்கு உடன்பட்டதாகவே மேரி விசாரிக்கப்பட்டார். பீர்ப் பீப்பாய்களில் ஒளித்து அனுப்பப்பட்ட அவருடைய கடிதங்களை அமைச்சர் வால்சிங்கமின் ஆட்கள் வழியிலேயே பிரித்துப் படித்துவந்தனர். தீர்ப்புக்குப் பின்னும் எலிசபெத் தயங்கினார். முடிசூடிய ஓர் அரசியைக் குடிமக்கள் தண்டிக்கலாம் என்றால் நாளை அது தமக்கும் பொருந்துமே! பிப்ரவரி 1 அன்று ஆணையில் கையெழுத்திட்டவரே, அது நிறைவேறியபின், ஆணையைக் கைமாற்றியதற்காகச் செயலாளர் டேவிசனைச் சிறையில் அடைத்தார்.

விடையின் கடைசிப் பத்தியை 1603க்கு ஒதுக்குங்கள். அவ்வாண்டு எலிசபெத் இறந்ததும், அதே மார்கரெட்டின் வழியில் வந்த மேரியின் மகன் ஜேம்ஸ், போரின்றி இங்கிலாந்தின் அரியணை ஏறினார். வம்ச உரிமை தாயிடமிருந்து வந்ததுதான், மகனோ புராட்டஸ்டண்ட்.