ஃபார் லூப் புரிகிறது, வைல் லூப் மட்டும் ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை?

பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு எழுதியிருக்கிறீர்கள். முதலில் எழுதியபோது லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் பகுதி, ஒருமுறைகூட ஓடவில்லை. மாற்றி எழுதினால் சரியான எண்ணைப் போட்ட பிறகும் நிற்கவில்லை. இதுதானே கேள்வி? இரண்டும் வெவ்வேறு வியாதி. தனித்தனியாகப் பார்ப்போம்.

முதல் வியாதிக்கு நம் 'வரை'யும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம். "மாவு இருக்கும் வரை தோசை ஊற்று" என்றாலும் "மாவு தீரும் வரை தோசை ஊற்று" என்றாலும் கல்லுக்கு முன்னால் நிற்பவர் செய்வது ஒரே வேலைதான். ஆனால் கண்டிஷனாக எழுதும்போது இரண்டும் நேரெதிர். வைலுக்குத் தெரிந்தது 'இருக்கும் வரை' மட்டுமே. கண்டிஷன் உண்மையாக இருந்தால் உள்ளே போகும், பொய்யானால் வெளியே வந்துவிடும். நீங்களோ "சரியான எண் வரும் வரை கேள்" என்று மனதில் சொல்லிக்கொண்டு, 'ஊகம் விடைக்குச் சமம்' என்று எழுதிவிட்டீர்கள். ஆரம்பத்தில் சமமில்லை, எனவே அது வாசலிலேயே திரும்பிவிட்டது. "ஊகம் தவறாக இருக்கும் வரை கேள்" என்று சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், 'சமமில்லை' என்ற குறி தானாக வந்துவிடும். பாஸ்கல் மொழியில் 'தீரும் வரை'க்கென்றே ரிப்பீட் அன்டில் என்று ஒரு லூப் உண்டு. பைத்தானில் அது இல்லை.

இரண்டாவது வியாதி, அதாவது நிற்காமல் ஓடுவது. உங்கள் விஷயத்தில் லூப்பின் மீது தப்பே இல்லை. பைத்தானில் இன்புட் வழியாக வருவது எப்போதும் எழுத்துச் சரம்தான். நீங்கள் 37 என்று தட்டினாலும் அதற்கு அது '3', '7' என்ற இரண்டு எழுத்து. எண் 37-உடன் ஒப்பிட்டால் ஆயுசுக்கும் சமமாகாது. இன்ட் போட்டு எண்ணாக மாற்றுங்கள், சரியாகிவிடும்.

எனக்கும் இதில் பூர்வ ஜென்மக் கணக்கு உண்டு. கல்லூரி லேபில் சி மொழியில் புரோகிராம் எழுத டர்போ சி என்ற மென்பொருள். ஒன்றிலிருந்து பத்து வரை அச்சிடும் புரோகிராம். ரன் கொடுத்தால் கறுப்புத் திரை, அவ்வளவுதான். மெஷினை அணைத்துப் போட்டேன், மறுபடியும் கறுப்புத் திரை. அரை மணி நேரம் கழித்து லேப் அசிஸ்டென்ட் அண்ணன் வந்து, வைல் அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த அரைப்புள்ளியைக் காட்டினார். அந்த ஒரு புள்ளியால் லூப்பின் உடம்பே காலி. எண்ணைக் கூட்டும் வரி வெளியே நின்றுகொண்டிருக்க, கண்டிஷன் மட்டும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. (பைத்தானில் இப்படி மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல் சி அழுத்துங்கள், அணைக்க வேண்டாம்.)

அன்றிலிருந்து வைல் எழுதினால் ஒன்றை மட்டும் பார்ப்பேன். கண்டிஷனில் இருக்கும் வேரியபிளை (மதிப்பைச் சேர்த்துவைக்கும் பெயரை) உள்ளே யார் மாற்றுகிறார்கள்? நடுவில் இஃப் இருந்தால், ஒவ்வொரு கிளையிலும் மாறுகிறதா?

இந்த இரண்டாவது கேள்விதான் பெரிய ஆட்களையே கவிழ்த்தது. 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்டின் 30 ஜிபி சூன் மியூசிக் பிளேயர்கள் கூட்டமாக உறைந்துபோயின. உள்ளே இருந்தது ஒரு சாதாரண வைல் லூப். 1980 முதல் கடந்த நாட்களை எடுத்துக்கொண்டு, நாட்கள் 365-ஐவிட அதிகமாக இருக்கும் வரை ஒவ்வொரு ஆண்டாகக் கழிக்கும். லீப் ஆண்டென்றால், நாட்கள் 366-ஐவிட அதிகமா என்று பார்த்துவிட்டு 366-ஐக் கழிக்கும். 2008 லீப் ஆண்டு. அதன் கடைசி நாளில் மிச்சம் சரியாக 366. அது 365-ஐவிட அதிகம், அதனால் உள்ளே போனது. 366-ஐவிட அதிகமில்லை, அதனால் எதையும் கழிக்கவில்லை. திரும்பவும் மேலே, திரும்பவும் அதே 366. பேட்டரி தீரும் வரை விட்டு, மறுநாள் சார்ஜ் போடுங்கள் என்பதுதான் அன்று சொல்லப்பட்ட வைத்தியம்.

சரி, ஃபார் இருக்க வைல் எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். எத்தனை சுற்று என்று முன்கூட்டியே தெரிந்தால் ஃபார் போதும். தெரியாதபோதுதான் வைல். இதற்கு ஒரு நல்ல பயிற்சி சொல்கிறேன். ஒரு எண்ணை எடுங்கள். இரட்டைப்படை என்றால் பாதியாக்குங்கள், ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். ஒன்று ஆகாமல் இருக்கும் வரை இதையே செய்து, எத்தனை படி என்று எண்ணுங்கள். கொலாட்ஸ் கணக்கு என்பார்கள். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஒன்றில் வந்து முடியுமா என்பதை இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. பாதியாக்கும்போது இரட்டைச் சாய்கோடு போடுங்கள், இல்லாவிட்டால் எண்ணுக்குப் பின்னால் தசமப்புள்ளி ஒட்டிக்கொள்ளும்.

27-இல் தொடங்குங்கள். நடுவில் 9232 வரை ஏறிவிட்டு இறங்கும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். விடை 111 வந்தால் சரி. 112 வந்தால் தொடக்க எண்ணையும் ஒரு படியாகச் சேர்த்துவிட்டீர்கள்.