புகைத்தடை வந்தால் காசினோ ஊரில் மோட்டல் வாங்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் பதினேழு ஆண்டுகளாக இருக்கிறேன். அட்லாண்டிக் சிட்டிக்குப் போகும் சாலையில் 42 அறைகள் கொண்ட ஒரு மோட்டல் விலைக்கு வந்திருக்கிறது. நானும் என் மச்சானும் கூட்டாக வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே தங்குகிறவர்களில் பெரும்பாலோர் காசினோவுக்கு வருகிறவர்கள்தான். காசினோவுக்குள் சிகரெட்டை அடியோடு தடை செய்யும் சட்டம் வரும் என்கிறார்கள். "வந்தால் கூட்டம் பாதியாகிவிடும், இல்லினாயில் அப்படித்தான் ஆனது, கையை விட்டுவிடுவோம்" என்கிறார் மச்சான். விற்பவரோ "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்" என்று சிரிக்கிறார். யாரை நம்புவது?

பதில்: விற்பவரின் சிரிப்பை முதலில் ஓரமாக வையுங்கள். உங்கள் மச்சான் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் இல்லினாய் கதையை அவர் பாதியில் நிறுத்திவிட்டார். காசினோக் கணக்குகளைத் தணிக்கை செய்வதுதான் இருபது ஆண்டுகளாக என் பிழைப்பு. அந்தக் கதையை ஆளாளுக்கு வசதியான இடத்தில் நிறுத்துவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

இல்லினாயில் 2008 ஜனவரி 1 அன்று புகைத்தடை வந்தது. காசினோக்களுக்கும் விலக்கு இல்லை. 2007இல் அந்த மாநிலக் காசினோக்கள் ஆட்டக்காரர்களிடமிருந்து ஈட்டிய தொகை சுமார் 198 கோடி டாலர். 2008இல் அது 157 கோடி. ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போனது. அமெரிக்க மத்திய வங்கியின் கிளையான செயிண்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளியலாளர்கள் தாமஸ் காரெட்டும் மைக்கேல் பாக்கோவும் இதை ஆராய்ந்தார்கள். பொருளாதார மந்தத்தைக் கழித்துப் பார்த்த பிறகும் வருமானம் 20 சதவீதத்துக்கு மேல் விழுந்தது என்பது அவர்கள் கணக்கு. வந்துபோன ஆட்களின் எண்ணிக்கையோ ஏறத்தாழ அதில் பாதி அளவுக்குத்தான் குறைந்தது. இதை மறந்துவிடாதீர்கள், கீழே தேவைப்படும்.

மச்சான் சொல்லாத மீதிக் கதை இது. தடைக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு, 2007 டிசம்பரில், மிசிசிப்பி ஆற்றின் மறுகரையில், மிசௌரி மாநிலத்தின் செயிண்ட் லூயிஸ் நகரில் 'லூமியேர் பிளேஸ்' என்ற புத்தம்புதுக் காசினோ திறந்தது. 2008 ஆகஸ்டில் சிகாகோவை ஒட்டி, இண்டியானா எல்லைக்குள், ஹேமண்ட் நகரின் 'ஹார்ஸ்ஷூ' காசினோ சுமார் 50 கோடி டாலர் செலவில் கட்டிய புதிய கூடத்தைத் திறந்தது. அதே ஆண்டு நவம்பரில் மிசௌரி, ஒருவர் ஒரு தடவையில் 500 டாலருக்கு மேல் இழக்கக் கூடாது என்ற தன் பழைய வரம்பை வாக்கெடுப்பில் தூக்கிவிட்டது. இண்டியானா, மிசௌரி, அயோவா என்று மூன்று அண்டை மாநிலங்களிலும் காசினோவுக்குள் தாராளமாகப் புகைக்கலாம். இல்லினாய்க் கரையில் இருக்கும் ஈஸ்ட் செயிண்ட் லூயிஸில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்த ஆளுக்கு ஒரு பாலத்தைத் தாண்டினால் புதுக் காசினோவும் கிடைத்தது, சிகரெட்டும் கிடைத்தது. அவர் போனதற்குக் காரணம் தடையா, புதுக் கட்டடமா என்று எந்தப் பொருளியலாளராலும் முழுதாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே தடை பாதிக்குமா என்பதைவிட, புகைக்கிறவருக்குப் பக்கத்தில் வேறு இடம் இருக்கிறதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

தடை வருமானத்தை எந்த வழியாகத் தொடுகிறது என்று ஒரு ஸ்லாட் மெஷின் முன்னால் நின்று பார்ப்போம். ஒரு பெரியவர். ஒரு சுழற்சிக்கு ஐம்பது சென்ட் போடுகிறார். பொத்தானை அழுத்தும் வேகத்தில் மணிக்கு 600 சுழற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 டாலர் மெஷினுக்குள் போய் வருகிறது. அதில் காசினோவுக்கு நிற்பது ஒன்பது சதவீதம் என்றால் மணிக்கு 27 டாலர், நான்கு மணி நேரத்துக்கு 108. இப்போது தடை. "ஒரு தம் போட்டுவிட்டு வருகிறேன்" என்று மணிக்கு ஒருமுறை எழுந்து வெளியே போகிறார். நாற்காலியை மெஷின் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போவார். ஆள் இருக்கிறது, உட்காராதே என்று அர்த்தம். போக, வர, புகைக்கப் பத்து நிமிடம். நான்கு முறைக்கு நாற்பது நிமிடம். காசினோவுக்குப் போன காசு 18 டாலர், ஆறில் ஒரு பங்கு.

ஆனால் ஆடுகிறவர்களில் ஐந்தில் ஒருவர்தான் புகைக்கிறவர் என்றால், மொத்தத்தில் இது மூன்று சதவீதம் சொச்சம்தான். அப்படியானால் இல்லினாயில் 20 எங்கிருந்து வந்தது? ஒன்று, பாலம் தாண்டிப் போனவர்கள். இரண்டு, அதிகம் ஆடுகிறவர்களிடையே புகைக்கிறவர்களின் விகிதம் ஊர் சராசரியைவிட அதிகம். மூன்றாவதுதான் உள்ளே இருப்பவர்கள் வெளியே சொல்ல விரும்பாதது: எழுந்து போனவர் சில சமயம் திரும்பி வருவதில்லை. வெளிக்காற்று முகத்தில் பட்டதும் மணி என்ன என்று பார்க்கிறார், பர்ஸைப் பார்க்கிறார், காரை நோக்கி நடக்கிறார். காசினோத் தளத்தில் கடிகாரத்தைத் தேடினாலும் கிடைக்காதது சும்மா இல்லை. ஆட்களைவிட வருமானம் அதிகம் குறைந்ததே, அதற்கு இதுவும் ஒரு காரணம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2002 செப்டம்பரில் தடை வந்தபோதும் 'போக்கி' என்று அங்கே சொல்லும் ஸ்லாட் மெஷின்களின் வசூல் சட்டென்று இறங்கியது. போன காசில் ஒரு பகுதி, எழுந்திருக்கவே முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களின் காசு. அந்த நஷ்டத்துக்காக என்னால் கண்ணீர் விட முடியாது.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. கையில் நூறு டாலரோடு வந்து, அது தீர்ந்ததும் கிளம்புகிற ஆள் தம் அடிக்கப் போனால் அதே நூறு டாலரைக் கொஞ்சம் மெதுவாக இழக்கிறார், அவ்வளவுதான். அவரால் காசினோவுக்கு நஷ்டமே இல்லை. மேலே போட்ட 18 டாலர் கணக்கு, நேரம் குறைவாகவும் பணம் அதிகமாகவும் உள்ளவர்களுக்குத்தான் பொருந்தும்.

இனி உங்கள் ஊருக்கு வருவோம். நியூஜெர்சியின் புகைத்தடைச் சட்டம் 2006 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது காசினோத் தளங்களுக்கு மட்டும் விலக்கு தரப்பட்டது. பிறகு நகரமன்றம் தலையிட்டு, தளத்தில் கால்பங்கில் மட்டும் புகைக்கலாம் என்றது. 2008 அக்டோபர் 15 அன்று முழுத்தடையும் போட்டது. லீமன் பிரதர்ஸ் வங்கி சரிந்து, நிதி நெருக்கடி வெடித்துச் சரியாக ஒரு மாதம் ஆன நேரம்! சில நாட்களிலேயே மனம் மாறி, நவம்பரில் கால்பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. கொரோனா முடக்கத்துக்குப் பின் 2020 ஜூலையில் காசினோக்கள் திறந்தபோது மறுபடி தடை. 2021 ஜூலை 4 அன்று அது விலகியது. அதன் பிறகுதான் ஆட்ட மேசைகளை நடத்தும் பணியாளர்களான டீலர்கள் கொதித்தெழுந்தார்கள். ஓராண்டு நல்ல காற்றைச் சுவாசித்துவிட்டு, மறுபடியும் முகத்துக்கு நேரே புகை. மேசையில் நிற்கும் டீலர் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட முடியாது. கண் சீட்டிலும் சில்லிலும் இருந்தாக வேண்டும். டீலர்களின் சங்கமான யூ.ஏ.டபிள்யூ 2024இல் வழக்குப் போட்டது. அறைப் பணியாளர்கள், மதுக்கூடப் பணியாளர்களின் சங்கமோ வேலை போய்விடும் என்று தடையை எதிர்த்தது. தொழிலாளிகளே இரண்டு பக்கம் நிற்கிற விநோதம்.

காசினோ முதலாளிகள் சங்கம் எழுதி வாங்கிய ஸ்பெக்ட்ரம் நிறுவன அறிக்கை, முழுத்தடை வந்தால் வருமானத்தில் சுமார் 11 சதவீதம் வரையும் 2,500 வேலைகள் வரையும் போகலாம் என்றது. 2022இல் லாஸ் வேகாஸின் சி3 கேமிங் வெளியிட்ட அறிக்கை, கொரோனாவுக்குப் பிந்தைய அனுபவத்தில் தடை வருமானத்தைப் பெரிதாகக் குறைக்கவில்லை என்றது. நான் இரண்டாவது பக்கமே சாய்கிறேன், முழு மனதோடு இல்லாவிட்டாலும்.

2008இல் அமெரிக்கப் பெரியவர்களில் சிகரெட் பிடித்தவர்கள் 20.6 சதவீதம், 2021இல் 11.5. இல்லினாய் எண்ணைத் தூக்கி இன்றைய அட்லாண்டிக் சிட்டி மேல் வைப்பது, பத்து வருடம் முன்பு தைத்த சட்டையைப் போட்டுப் பார்ப்பது மாதிரி. பாலம் தாண்டும் வசதியும் சுருங்கிவிட்டது. டெலவேர் 2002 முதலே புகையில்லாதது. மேரிலாண்ட் காசினோக்களிலும், நியூயார்க் மாநில உரிமம் பெற்ற காசினோக்களிலும் உள்ளே பற்றவைக்க முடியாது. மிச்சம் பென்சில்வேனியா. அங்கே தளத்தில் பாதி வரை புகைக்க அனுமதி உண்டு. பிலடெல்பியா ஆட்கள் உங்கள் ஊருக்கு வராமல் அங்கேயே தங்கிவிடலாம் என்ற பயம் நியாயமானது. ஆனால் அதே பிலடெல்பியாவின் புறநகரில் இருக்கும் பார்க்ஸ் காசினோ 2020இல் தானாகவே புகையை நிறுத்தியது. சுற்றிலும் புகைக்கவிடும் காசினோக்கள் இருந்தும், தன் மாநிலத்தில் வசூலில் முன்வரிசையை அது விட்டுக்கொடுக்கவில்லை.

எண்களைப் பார்த்து ஏமாறாமல் இருக்க, சீனாவின் சூதாட்ட நகரமான மக்காவ் கதையை நினைவில் வையுங்கள். 2014 அக்டோபரில் அங்கே சாதாரண ஆட்டக்காரர்களுக்கான பொதுத் தளங்களில் தடை வந்தது. 2013இல் 36,000 கோடி பட்டாக்காவாக (மக்காவ் நாணயம்) இருந்த ஆண்டு வசூல் 2015இல் 23,000 கோடியானது. தடையின் எதிரிகளுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. ஆனால் அந்த வீழ்ச்சிக்கு முக்கியக் காரணம் பெய்ஜிங்கின் ஊழல் ஒழிப்பு நடவடிக்கை. பெரும்புள்ளிகள் மக்காவ் பக்கம் தலைகாட்டவே பயந்தார்கள். அந்தப் பொதுத் தளங்களின் வசூல், தடை நீடித்தபடியே, பின்னால் மறுபடி வளர்ந்தது.

மோட்டலுக்கு வருவோம். காசினோ வருமானம் வேறு, உங்கள் அறை வாடகை வேறு. தடையால் முதலில் நழுவுபவர் பகலில் வந்து மெஷினில் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்; அவர் உங்களிடம் அறை எடுப்பவரே அல்ல. கடற்கரை, கச்சேரி, சாப்பாடு, ஆட்டம் என்று இரண்டு நாள் கணக்குப் போட்டு வருகிறவர் ஒரு சிகரெட்டுக்காகப் பயணத்தை ரத்து செய்வது அரிது. ஆகவே காசினோக்கள் ஐந்து சதவீதம் இழந்தால் உங்களுக்கு அதைவிடக் குறைவாகவே உறைக்கும் என்பது என் கணிப்பு. நான் பயப்படுவது வேறொன்றுக்கு. 2006இல் 520 கோடி டாலர் வசூலித்த ஊர் இது. பென்சில்வேனியாவில் காசினோக்கள் திறந்த பிறகு சரிந்து சரிந்து, 2014இல் மட்டும் நான்கு காசினோக்கள் மூடி, சுமார் 8,000 பேர் வேலை இழந்தார்கள். அநேகமாக அத்தனையும் கால்பங்குத் தளத்தில் புகை அனுமதி இருந்தபோது நடந்தது. அடுத்த அடி நியூயார்க் நகரத்துப் புதுக் காசினோக்களிடமிருந்து வரலாம். விலை பேசும்போது மச்சான் அதைச் சொல்லட்டும், சிகரெட்டை அல்ல.

விற்பவரிடம் 2018 முதல் மாதவாரியான அறை நிரம்பல் கணக்கைக் கேளுங்கள், ஒப்புக்கு ஆண்டுக் கூட்டுத்தொகை வேண்டாம். வார நாட்களைத் தனியாகப் பிரியுங்கள். வார இறுதியை எந்த மோட்டலும் நிரப்பிவிடும். 2021 மே, ஜூன் மாதங்களில் காசினோவுக்குள் தடை இருந்தது, கொரோனாக் கட்டுப்பாடுகளோ பெரும்பாலும் தளர்ந்துகொண்டிருந்தன. அந்த இரு மாதங்களை 2022இன் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். துல்லியமான சோதனை இல்லை, ஆனால் உங்கள் கட்டடத்துக்கென்றே கிடைக்கிற சோதனை. மாநிலத்தின் சூதாட்ட அமலாக்கப் பிரிவு மாதாமாதம் வெளியிடும் காசினோ வசூலையும் பாருங்கள். அதில் இணையவழி ஆட்டத்தையும் விளையாட்டுப் பந்தயத்தையும் கழித்துவிட வேண்டும். சோபாவில் சாய்ந்து கைப்பேசியில் ஆடுகிறவர் எங்கே புகைத்தால் உங்களுக்கென்ன? நேரில் வந்து ஆடுகிறவர்களிடமிருந்து கிடைப்பது அண்மை ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலரில் நிற்கிறது. உங்கள் அறைகளை நிரப்புவது அந்த எண்தான்.

கடைசியாக உங்கள் கட்டடம். மாநிலச் சட்டப்படி ஹோட்டல், மோட்டல் அறைகளில் 20 சதவீதம் வரை புகைக்க அனுமதிக்கலாம். 42க்கு 8 அறைகள். காசினோவில் தடை வந்தால் அந்த எட்டுக்குத்தான் கேட்பு ஏறும், பத்துப் பதினைந்து டாலர் கூட்டியும் கேட்கலாம். ஆனால் திரைச்சீலை, மெத்தை, ஏசி என்று நாற்றம் ஏறிப்போவதைத் துடைக்கிற செலவையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது அங்கே எத்தனை அறைகள் புகை அறைகளாக ஓடுகின்றன என்று நேரில் போய் மோந்து பாருங்கள். எட்டுக்கு மேல் இருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த அறைகளைப் பழுதுபார்க்கும் செலவை விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள்.