பெங்களூரிலிருந்து ஊட்டி போகும் வழியில் காரின் ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு) படுத்துவிட்டால், பக்கத்தில் மெக்கானிக் இல்லாதபோது என்ன செய்வது?

சமதரையில் நிறுத்தி, எது இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு மூலை மட்டும் என்றால் பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஏர் பேக்கோ (இந்தக் காற்றுப் பைதான், விபத்தில் விரிவது அல்ல) குழாயோ கசிகிறது. நான்குமே இறங்கி, காற்றை அடைக்கும் கம்ப்ரஸரின் சத்தமும் கேட்கவில்லை என்றால் முதல் சந்தேகம் ஃபியூஸ், அடுத்தது கம்ப்ரஸருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே. இரண்டுமே சில்லறைச் செலவு. டேஷ்போர்டில் உதிரி வைத்திருப்பது நல்லது.

கசிவைக் கண்டுபிடிக்க ஷாம்பு பாக்கெட் போதும். தண்ணீரில் கலந்து, ரப்பர் மடியும் இடத்திலும் குழாய் சேரும் இடத்திலும் ஊற்றினால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விடாதீர்கள். காற்று சட்டென்று போனால் மொத்த பாரமும் இறங்கும். ஜாக்கி போடுமுன், வண்டி தானாக உயரத்தை மாற்றாமல் நிறுத்தும் ஜாக் மோடு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

கிழிந்த பேக்கில் டேப் ஒட்டுவது வீண் வேலை. திரும்பத் திரும்ப உயரத்தை ஏற்றிப் பார்ப்பது அதைவிட மோசம்: கசிவை ஈடுகட்ட ஓடி ஓடி கம்ப்ரஸர் சூடாகி நின்றுவிடும், அப்புறம் அதற்கும் சேர்த்து அழ வேண்டும்.

டயர் எங்கும் உரசவில்லை என்றால் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டலாம். உரசினால் நகர்த்தாதீர்கள், காரை மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட் வண்டிதான். குண்டலுப்பேட்டையிலேயே கோளாறு தெரிந்தால் பந்திப்பூருக்குள் போகவே வேண்டாம். காட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது, இரவு 9 முதல் காலை 6 வரை பாதையும் மூடியிருக்கும். மைசூருக்குத் திரும்பிவிடுங்கள்.