கொண்டக்டருக்குப் பெயர் வேண்டுமா?

கேள்வி: கொழும்பில் நடக்கும் கதையொன்றைத் திரைக்கதையாக எழுதுகிறேன். பஸ் கொண்டக்டர், புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை, சைவக்கடை முதலாளி, இரண்டு பொலிஸ்காரர் என்று சின்னப் பாத்திரங்கள் நிறைய. எல்லோருக்கும் பெயர் வைக்க வேண்டுமா? எப்படி அறிமுகப்படுத்துவது? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: எல்லோருக்கும் வேண்டாம். பெயரோடு வருகிற ஆளை வாசிப்பவர் மனதில் குறித்து வைத்து, மறுபடி வருவார் என்று எதிர்பார்ப்பார். மிச்சக்காசு கொடுத்துவிட்டுப் போகிறவர் வெறும் கொண்டக்டராகவே இருக்கட்டும். அதே ஆள் பிற்பாதியில் கதாநாயகி தவறவிட்ட பையோடு அவள் வீட்டு வாசலில் வந்து நிற்பார் என்றால், முதல் காட்சியிலேயே பெயர் கொடுத்துவிடுங்கள். அங்கே 'கொண்டக்டர்', இங்கே 'செல்வம்' என்று எழுதினால், பட்டியல் போடும் உதவி இயக்குநர் இரண்டு நடிகர்களைத் தேடுவார்.

'பொலிஸ் 1', 'பொலிஸ் 2' என்று இலக்கம் போடாதீர்கள். நாலு வசனத்துக்குள் யார் எவரென்று குழம்பிவிடும். 'நரைமீசைப் பொலிஸ்', 'இளம் பொலிஸ்' என்றால் நடிக்க வருகிறவருக்கும் பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது.

சிவா, சிவம், சிவராசா என்று ஒரே மாதிரித் தொடங்கும் பெயர்களையும் தவிருங்கள். இன்னொன்று: நம் ஊரில் பெயரைக் கேட்டதுமே இனமும் மதமும் தெரிந்துவிடும். அடியாளுக்கும் திருடனுக்கும் மட்டும் வேற்றினப் பெயர் வந்திருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். அறியாமல் செய்தாலும் அது அநியாயம்தான்.

ஆங்கிலத் திரைக்கதையில் பாத்திரம் முதன்முறை வரும்போது பெயரைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். தமிழில் அந்த வசதி இல்லை. தடித்த எழுத்தில் போடுங்கள். அடைப்புக்குள் வயது, பிறகு கண்ணுக்குத் தெரிவது ஓரிரு வரி. 'குடும்பக் கஷ்டத்தால் படிப்பை விட்டவர்' என்றால் கமரா எதைக் காட்டும்? கொழும்பின் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஒருநாள் நின்றுகொண்டு போனால் எழுத வேண்டியது கிடைத்துவிடும்:

'செல்வம் (50), கொண்டக்டர். கழுத்தில் வியர்வையில் நனைந்த லேஞ்சி. விரலிடுக்குகளில் நீளவாக்கில் மடித்த நோட்டுகள். பார்க்காமலே மிச்சக்காசை எண்ணுகிறார், கண் மிதிபலகையில்.'

நாட்டாமைக்கு இது இன்னும் அவசியம். தமிழ்நாட்டில் உங்கள் பிரதியைப் படிப்பவர் பஞ்சாயத்துப் பெரியவர் என்று நினைத்துவிடுவார். முதல் வரியிலேயே முதுகில் மூட்டையை ஏற்றிவிடுங்கள்.

ஆனால் தாளில் இருக்கிற பெயர் பார்வையாளர் காதுக்குப் போகாது. அதற்காக 'வாங்க செல்வம், சுகமா செல்வம்' என்று எழுதினால் செயற்கையாக இருக்கும். நாம் ஆட்களைப் பெயர் சொல்லியா கூப்பிடுகிறோம்? அண்ணே, தம்பி, நானா (முஸ்லிம்கள் அண்ணனுக்குச் சொல்வது), மல்லி (சிங்களத்தில் தம்பி) என்றுதான். அந்த விளியை வீணாக்காதீர்கள்: ஒரே கொண்டக்டரை ஒருத்தி 'அண்ணே' என்றும் இன்னொருவர் 'மல்லி' என்றும் கூப்பிட்டால், கூப்பிடுகிறவர்களும் அறிமுகமாகிவிடுகிறார்கள். பெயர் கேட்டே ஆகவேண்டுமென்றால், கத்திக் கூப்பிட வேண்டிய இடமாகப் பாருங்கள். பம்பலப்பிட்டிச் சந்தி, பஸ் நிறைய சனம், டிரைவர் திரும்பாமலே சத்தம் போடுகிறார்: 'செல்வம், பின்கதவைப் பார்!'