தூண்டிவிட்டது யார்?

கேள்வி: 1854இல் ஆஸ்திரேலியத் தங்க வயலில் நடந்த யுரேக்கா கிளர்ச்சியைத் தூண்டிவிட்டதே ‘பல்லாரட் டைம்ஸ்’ பத்திரிகைதான் என்கிறார்களே? ஒரு பத்திரிகை நினைத்தால் கலகம் வந்துவிடுமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: வந்துவிடும் என்றால் எனக்கும் சந்தோஷம்தான். நான் மூன்று முறை எழுதியும் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர்கூட வரவில்லை!

அந்தத் தங்க வயல் இருந்த பல்லாரட்டில் பற்றவைத்தது லைசென்ஸ் கட்டணம். தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தோண்டுகிறவன் மாதம் ஒரு பவுண்டு கட்ட வேண்டும். குழிக்குள் சேற்றில் நிற்பவனை மேலே ஏறிவரச் சொல்லி போலீஸ் சீட்டைக் கேட்கும். இல்லையென்றால் மரக்கட்டையோடு சங்கிலி. ஓட்டும் கிடையாது. இதெல்லாம் அவனுக்குப் பத்திரிகை படித்துத்தான் தெரிய வேண்டுமா?

ஆசிரியர் ஹென்றி சீகாம்ப் ஒன்றும் வாயில்லாப் பூச்சி அல்ல. நவம்பரில் சுரங்கக்காரர்களின் சங்கமான சீர்திருத்த லீக் உருவானதும், இதுதான் ஆஸ்திரேலிய சுதந்திரத்தின் கரு என்று எழுதினார். லீக் கேட்டதென்னவோ ஓட்டுரிமையும் லைசென்ஸ் ஒழிப்பும்தான். மக்களை விழிக்கவைத்ததில் நம் பங்கு எவ்வளவு என்று நாமே சொல்லக் கூடாது என்று அடக்கம் வேறு! எங்கள் தொழிலில் இந்த வியாதி சகஜம்.

என்னைக் கேட்டால், தலையங்கத்தைவிட அவருடைய அச்சு இயந்திரம்தான் அதிகம் சாதித்தது. நவம்பர் 29 பெருங்கூட்டத்துக்கான சுவரொட்டி அடித்தது டைம்ஸ் அலுவலகத்தில். ‘லைசென்ஸைக் கையோடு கொண்டுவாருங்கள், தேவைப்படலாம்’ என்று அதில் ஒரு வரி. தேவைப்பட்டது, கொளுத்துவதற்கு.

டிசம்பர் 3, ஞாயிறு விடியலில் சுரங்கக்காரர்கள் எழுப்பியிருந்த தடுப்பரணுக்குள் அரசுப் படை புகுந்தது. சுரங்கக்காரர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மறுநாள் சீகாம்ப் கைது. அப்புறம் நடந்ததுதான் கூத்து. ராஜத் துரோக வழக்கில் நின்ற 13 பேரையும் ஜூரிகள் விடுவித்துவிட்டார்கள். பேனா பிடித்த சீகாம்புக்கு மட்டும் 6 மாதச் சிறை. அதில் பாதியோடு வெளியே வந்தார் என்பது வேறு விஷயம்.

நீங்கள் கேட்காத ஒருவர் உண்டு: சீகாம்பின் துணைவி, முன்னாள் நாடக நடிகை கிளாரா. கைதுக்குப் பிறகு பத்திரிகையை நடத்தியவர் அவர்தான். கலகத்துக்குக் காரணம் அந்நியர்கள் என்று பழிபோட்டிருந்தார் கவர்னர் ஹோத்தாம். 1855 புத்தாண்டுத் தலையங்கம் திருப்பிக் கேட்டது: இங்கே அந்நியன் என்பவன் யார்? எங்கே இருக்கிறான்?

கவர்னர் கப்பலைவிட்டு இறங்கி அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.